டிப்ளோமா கிரெடிட்டோடு வந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் படிப்பை மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிப்ளோமா முடித்து, சில பாடங்களுக்கு விலக்கு (டிப்ளோமாவில் படித்ததால் மறுபடி படிக்க வேண்டாம் என்ற அனுமதி) வாங்கிக்கொண்டு பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவர்கள், பிறகு படிப்பை மாற்ற நினைக்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அடி வாங்குகிறார்கள். கையிலுள்ள விலக்குக் கிரெடிட் எங்கே போனாலும் கூடவே வரும் என்று நம்பிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் அந்த விலக்கைக் கொடுத்தது, நீங்கள் சேர்ந்த அந்த ஒரு படிப்புக்காக. படிப்பு மாறினால் விலக்கு கலைந்துவிடும். கணக்கு மறுபடியும் உங்கள் டிப்ளோமா டிரான்ஸ்கிரிப்டிலிருந்தே தொடங்கும். கணினி அறிவியலில் 30 கிரெடிட் விலக்கு வாங்கியவருக்கு வணிக நிர்வாகத்தில் 12 மட்டுமே கிடைக்கலாம்.

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் போன்ற பல்கலைக்கழக முன்படிப்பு முடித்து வந்த நண்பர் படிப்பு மாற்றினால் அவருக்குப் போவது படித்து முடித்த ஒன்றிரண்டு செமஸ்டர். உங்களுக்கு அதோடு டிப்ளோமா விலக்கும் சேர்ந்து போகலாம். அதனால் அவர் சொல்லும் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாலிடெக்னிக், தனியார் கல்லூரி அல்லது வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து கிரெடிட்டோடு வந்து, கோலாலம்பூரிலோ பினாங்கிலோ படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்காக எழுதியது இது. பெற்றோரும் கூட உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில், எந்த வகை மாற்றம்?

ஒரே ஃபேக்கல்டிக்குள் சிறப்புப் பிரிவை மாற்றுவது எளிது. மார்க்கெட்டிங்கிலிருந்து மனிதவளத்துக்குப் போவது போன்றது இது. அடிப்படைப் பாடங்கள் ஒன்றுதான். ஃபேக்கல்டி அலுவலகத்தில் ஒரு விண்ணப்பப் பாரம், கல்வி ஆலோசகர் கையெழுத்து, பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஃபேக்கல்டி விட்டு ஃபேக்கல்டி போவது இரண்டாவது வகை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். அரசாங்கப் பல்கலைக்கழகப் பாரங்களில் இதற்கு 'பெர்துகாரான் புரோகிராம்' என்று தலைப்பு இருக்கும். விலக்குக்குரிய பாரம் தனி. அதில் 'பிண்டா கிரெடிட்' அல்லது 'பெங்கெச்சுவாலியான் கிரெடிட்' என்று போட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். முதல் பாரத்தை மட்டும் நிரப்பிவிட்டு, இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று இருந்தவர்கள் புதிய படிப்பில் பூஜ்ய விலக்கோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வளாகமும் சேர்ந்து மாறுவது மூன்றாவது வகை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யூஎஸ்எம்) மாணவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அங்கே ஃபேக்கல்டி என்று சொல்வதில்லை, 'பூசாட் பெங்காஜியான்' என்பார்கள். தலைமை வளாகம் குளுகோர் மிண்டனில் இருக்கிறது. பொறியியல் வளாகம் பெருநிலத்தில் நிபோங் திபாலில், மருத்துவ அறிவியல் வளாகம் கிளந்தான் குபாங் கெரியானில். மிண்டனில் வேதியியல் படிப்பவர் வேதிப்பொறியியலுக்கு மாறினால் பாலம் தாண்டிக் குடிபோக வேண்டும். தேசாசிஸ்வா (விடுதி) அறை, பகுதிநேர வேலை, வீட்டுக்கு வந்துபோகும் செலவு எல்லாமே மாறும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான ஃபேக்கல்டிகள் லெம்பா பந்தாய் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

வேறு பல்கலைக்கழகத்துக்கே போவதை உள்மாற்றம் என்று எண்ணாதீர்கள். அது விலகல், புது விண்ணப்பம், புது விலக்கு என்று மூன்று தனி வேலை. அப்படிப் போகிறவர்களுக்கும் கீழே உள்ள பாட ஒப்பீட்டு வேலை அப்படியே பொருந்தும்.

முதல் படி: கதவு திறக்குமா என்று பாருங்கள்

விருப்பம், காரணம் எல்லாம் பிறகு. போக நினைக்கும் படிப்பின் நுழைவுத் தகுதியை எடுத்து உங்கள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழுக்குப் பக்கத்தில் வையுங்கள். உள்ளிருந்து மாறுகிறவர் என்பதற்காக அந்தத் தகுதி தளராது. அடிஷனல் மேத்ஸில் கிரெடிட் தேர்ச்சி (சி அல்லது அதற்கு மேல்) இல்லாதவர் கணினி அறிவியலுக்கோ பொறியியலுக்கோ மாற நினைப்பதும், இயற்பியல் எடுக்காதவர் மின்னியலுக்குப் போக நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. டிப்ளோமாவில் 3.80 எடுத்திருந்தாலும் எஸ்பிஎம் பாடம் கேட்கப்படும் இடத்தில் எஸ்பிஎம் பாடம்தான் வேண்டும். சில ஃபேக்கல்டிகள் கூடுதல் கணிதப் பாடம் ஒன்றை எடுக்கச் சொல்லி அனுமதிக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூயெட் ஆங்கிலத் தேர்வின் பேண்டும் படிப்புக்குப் படிப்பு மாறும்.

அடுத்தது, இப்போதைய நிலை. பெரும்பாலான இடங்களில் குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், பிஎன்ஜிகே (4.00க்குக் கணக்கிடும் மொத்தத் தரப்புள்ளிச் சராசரி) 2.00க்குக் குறையக் கூடாது. போட்டியுள்ள படிப்புகள் அதற்கு மேலும் கேட்கும். பாலிடெக்னிக்கில் எச்பிஎன்எம் என்று இருப்பதும் இங்கே பிஎன்ஜிகே என்பதும் ஒரே வகைக் கணக்குதான். ஆனால் இரண்டையும் கூட்டிச் சராசரி போடமாட்டார்கள். பட்டப்படிப்பில் நீங்கள் எடுத்ததைத்தான் பார்ப்பார்கள்.

தொழில்முறை அமைப்புகளின் கட்டுப்பாட்டிலுள்ள படிப்புகளில் டீனுக்கே அதிகாரம் குறைவு. மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம் குறைந்தபட்ச நுழைவுத் தகுதியை வகுத்திருக்கிறது. சட்டத்துக்கு சட்டத் தொழில் தகுதி வாரியம் இருக்கிறது. பொறியியல் படிப்பை அங்கீகரிப்பது மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகார மன்றம். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தகம், சட்டம் ஆகியவற்றுக்கு நடுவழியில் மாறுவது மிக அரிது. அதை நம்பி வேறு படிப்பில் வந்து சேராதீர்கள். யூபியூவில் (அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறை) கிடைத்ததை எடுத்துக்கொள், உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லும் அறிவுரை நம் பிள்ளைகள் பலருக்கு ஆண்டுகளைத் தின்றிருக்கிறது. யூபியூ முடிவு பிடிக்கவில்லை என்றால் முதலில் அதற்குரிய மேல்முறையீட்டுக் காலத்திலேயே முயல வேண்டும்.

பெயர் ஒற்றுமையையும் கவனியுங்கள். 'பொறியியல்' பட்டமும் 'பொறியியல் தொழில்நுட்பம்' பட்டமும் ஒன்றல்ல. முதலாவதைப் படித்தவர் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு செய்வார். இரண்டாவதைப் படித்தவர் போவது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மலேசியத் தொழில்நுட்பர் வாரியத்துக்கு, அதாவது எம்பிஓடிக்கு. தனியார் பல்கலைக்கழகம் என்றால் புதிய படிப்பின் பெயரை மலேசியத் தகுதி நிறுவனமான எம்க்யூஏவின் தகுதிப் பதிவேட்டில் தேடிப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இரண்டாம் படி: பாடத்துக்குப் பாடம் ஒப்பிடுங்கள்

இதற்கு ஒரு முழு வார இறுதி ஒதுக்குங்கள். எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது.

விதிகள் நான்கு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா 4ஆம் நிலை, உயர் டிப்ளோமா 5, இளங்கலை 6. கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குக் கிரெடிட் கொண்டுபோகும்போது, புதிய படிப்பின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடுதான் உச்சவரம்பு. 120 கிரெடிட் படிப்பு என்றால் 36. டிப்ளோமா 90 கிரெடிட்டுக்கு மேல் இருந்தாலும் இதற்கு மேல் வராது. இரண்டாவது, அந்தப் பாடத்தில் குறைந்தது சி எடுத்திருக்க வேண்டும். சி மைனஸ் எடுத்த பாடத்தைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். மூன்றாவது, பாட உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்திருக்க வேண்டும். நான்காவது, கிரெடிட் எண்ணிக்கை சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. 2 கிரெடிட் பாடத்தை வைத்து 3 கிரெடிட் பாடத்துக்கு விலக்கு கேட்க முடியாது. இரண்டு டிப்ளோமா பாடங்களைச் சேர்த்து ஒரு பட்டப் பாடத்துக்குக் கேட்கலாம்.

உச்சவரம்பு 36 என்றால் 36 கிடைக்கும் என்று பொருள் கொள்ளாதீர்கள். ஒத்துப்போகும் பாடம் எவ்வளவோ அவ்வளவுதான்.

ஒரு பாடத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். டிப்ளோமாவில் 'புள்ளியியல்' படித்திருக்கிறீர்கள். புதிய படிப்பில் 'வணிகப் புள்ளியியல்' இருக்கிறது. பட்டப் பாடத்தின் 14 வாரத் திட்டம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: தரவு வகைகள் 1 வாரம், அட்டவணையும் வரைபடமும் 1, சராசரியும் திட்ட விலக்கமும் 1, நிகழ்தகவு 2, தனித்த பரவல்கள் 1, இயல்நிலைப் பரவல் 1, மாதிரியெடுப்பு 1, நம்பிக்கை இடைவெளி 2, கருதுகோள் சோதனை 2, ரெக்ரஷன் 2. மொத்தம் 10 தலைப்பு. டிப்ளோமாவில் நம்பிக்கை இடைவெளியும் கருதுகோள் சோதனையும் இல்லை. தலைப்பை எண்ணினால் பத்துக்கு எட்டு, 80 விழுக்காடு, தேறிவிட்டது போலத் தெரியும். வாரத்தை எண்ணினால் பதினான்கில் பத்துதான். 71 விழுக்காடு. மதிப்பிடும் விரிவுரையாளர் பெரும்பாலும் வாரத்தையோ மணியையோதான் எண்ணுவார். அப்போது விண்ணப்பம் திரும்பி வரும்.

இங்கேதான் டிரான்ஸ்கிரிப்டை முழுசாகப் படித்திருப்பது கைகொடுக்கும். டிப்ளோமாவின் 'ஆய்வு முறைகள்' பாடத்தில் கருதுகோள் சோதனை இரண்டு வாரம் நடத்தியிருந்தால், இரண்டு பாடங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். பதினான்கில் பன்னிரண்டு, 86 விழுக்காடு. அதே 'ஆய்வு முறைகள்' பாடத்தை வேறொரு விலக்குக்கு மறுபடி காட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தப் பாடத்தை எங்கே செலவழிப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் போடுங்கள். இடப்பக்கம் புதிய பாடத்தின் தலைப்புகள் வாரத்தோடு. வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் டிப்ளோமாத் தலைப்பு, சிலிபஸில் அது இருக்கும் பக்க எண், நீங்கள் எடுத்த கிரேடு. அடியில் விழுக்காடு. இப்படிக் கொடுத்தால் மதிப்பிடுபவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். வெறும் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்தால் அவரே தேட வேண்டும். செமஸ்டர் முடிவில் விடைத்தாள் குவிந்து கிடக்கும்போது யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முழு சிலிபஸ் கையில் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. கல்லூரி அறிமுகக் கையேட்டில் இருக்கும் நான்கு வரிச் சுருக்கம் போதாது. வாரத்திட்டம், மதிப்பீட்டு முறை, கிரெடிட், பாடநூல் எல்லாம் உள்ள பாடத்திட்டம் வேண்டும். அதில் படித்த துறையின் முத்திரை இருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, நீங்கள் படித்த ஆண்டின் சிலிபஸ் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். புதிய பதிப்பை அனுப்பிவிட்டால் பாடக் குறியீடு உங்கள் டிரான்ஸ்கிரிப்டோடு ஒத்துப்போகாது. பதில் வரச் சில வாரம் ஆகலாம், செமஸ்டர் விடுமுறையில் இன்னும் தாமதமாகும். ஆகவே மாற்றம் பற்றி யோசனை வந்த வாரமே, முடிவு எடுக்கும் முன்பே, கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பிழை, விலக்கின் மேல் விலக்கு கேட்பது. முதல் ஃபேக்கல்டி 'கணக்கியல் அடிப்படை' பாடத்துக்கு விலக்கு கொடுத்தது, அதைக் காட்டிப் புதிய ஃபேக்கல்டியிலும் கேட்கலாம் என்று நினைப்பார்கள். அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் படிக்கவே இல்லை. ஆதாரமாகக் காட்ட வேண்டியது எப்போதும் நீங்கள் உட்கார்ந்து படித்துத் தேர்வெழுதிய மூலப் பாடத்தைத்தான்.

பொதுக்கல்விப் பாடங்களான எம்பியூ, படிப்பு மாறினாலும் பெரும்பாலும் தங்கும். 'எத்திகா டான் பெராடாபான்', 'ஃபல்சஃபா டான் இசு செமாசா' போன்றவை எல்லாப் படிப்புக்கும் பொது. ஆனால் டிப்ளோமாவில் படித்த எம்பியூ பாடக் குறியீடு 2இல் தொடங்கும், பட்டப்படிப்பில் 3இல் தொடங்கும். டிப்ளோமா எம்பியூவை வைத்துப் பட்டப்படிப்பு எம்பியூவுக்கு விலக்கு எதிர்பார்க்காதீர்கள்.

வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு ஏபெல் சி என்ற வழியும் உண்டு. அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி, தேர்வோ மதிப்பீடோ எழுதி மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை பெறலாம். எம்க்யூஏ அனுமதி பெற்ற கல்விக்கூடங்களில் மட்டும்தான் இது கிடைக்கும்.

மூன்றாம் படி: ஒரே தாளில் கூட்டல் கழித்தல்

ஒரு மாதிரிக் கணக்கு. தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவோடு வந்தவர், 120 கிரெடிட் கணினி அறிவியலில் 30 விலக்கு வாங்கி, ஒரு செமஸ்டரில் 15 கிரெடிட் முடித்திருக்கிறார். மீதி 75. இப்போது 120 கிரெடிட் வணிக நிர்வாகத்துக்கு மாற நினைக்கிறார்.

டிப்ளோமாவிலிருந்து புள்ளியியல், நிர்வாக அறிமுகம், கணக்கியல் அடிப்படை, வணிகத் தொடர்பு என நான்கு பாடம் ஒத்துப்போகிறது: 12 கிரெடிட். இங்கே படித்த 15இல் எம்பியூ 2, ஆங்கிலம் 3, விருப்பப்பாடமாக எடுத்துக்கொள்ளக்கூடிய கணிதம் 3 என மொத்தம் 8 வரும். டேட்டா ஸ்ட்ரக்சர் 4, கணினி அமைப்பு 3 இரண்டும் போய்விடும். கையில் 20, மீதி 100. செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் முன்பு ஐந்து செமஸ்டர், இப்போது ஏழு. 18 எடுக்க அனுமதி கிடைத்தால் ஆறு.

75 அல்லது 100. இந்த இரண்டு எண்களையும் வீட்டில் அம்மா அப்பா முன்னால் வையுங்கள். பிள்ளை ஒரு வருஷத்தை வீணாக்குகிறானே என்ற பேச்சு, எண் தெரியாதபோதுதான் பெரிதாகிறது. கூடுதல் 25 கிரெடிட்டுக்குக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம், முடிவில் என்ன பட்டம் என்று ஒரு தாளில் இருந்தால் பேச்சு நிதானமாக நடக்கும். பிடிக்காத படிப்பில் இரண்டு முறை தோற்று வெளியேறுவதைவிட இரண்டு செமஸ்டர் கூடுதலாகப் படிப்பது எவ்வளவோ மேல்.

பிஎன்ஜிகே கணக்கையும் இதே தாளில் போடுங்கள். மேலே சொன்ன மாணவரின் கிரேடு: டேட்டா ஸ்ட்ரக்சர் 4 கிரெடிட்டில் டி, அதாவது 1.00, கணினி அமைப்பு சி, 2.00, கணிதம் சி பிளஸ், 2.33, ஆங்கிலம் பி பிளஸ், 3.33, எம்பியூ ஏ, 4.00. ஐந்தையும் சேர்த்தால் 34.98 புள்ளி, 15ஆல் வகுத்தால் 2.33. கூட வரும் மூன்று பாடம் மட்டும் என்றால் 24.98 புள்ளி, 8ஆல் வகுத்தால் 3.12. எந்தக் கணக்கு பொருந்தும் என்பது பல்கலைக்கழக விதி. பழைய பாடங்கள் எல்லாம் கணக்கில் நிற்கும் என்றால், 3.00இல் முடிக்க இனி வரும் 100 கிரெடிட்டிலும் 3.10 சராசரி வேண்டும். டிப்ளோமா விலக்குகள் கிரெடிட்டாக மட்டும் ஏறும், பொதுவாகச் சராசரியில் சேராது. "கூட வராத பாடங்களின் கிரேடு பிஎன்ஜிகேயில் நிற்குமா?" என்று கல்விப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

படிப்பின் உச்சக் காலவரம்பு எப்போதிலிருந்து எண்ணப்படும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். முதல் முறை சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் இடங்களில் மூன்றாம் ஆண்டில் மாறுவது ஆபத்து.

நான்காம் படி: பாடச் சங்கிலி

கிரெடிட்டை எண்ணினால் மட்டும் போதாது. நிதிக் கணக்கியல் 1 முடித்தால்தான் 2. அது முடிந்தால்தான் அடுத்தது. இப்படி நான்கு பாடம் கோர்த்திருந்து, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தப்பட்டால், மீதி 60 கிரெடிட்தான் என்றாலும் சங்கிலி முடியும் வரை வெளியேற முடியாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். சங்கிலியின் முதல் பாடம் முதல் செமஸ்டரில் மட்டும் இருந்து, நீங்கள் இரண்டாம் செமஸ்டரில் போய்ச் சேர்ந்தால், அடுத்த அக்டோபர் வரை பொதுப் பாடங்களை வைத்துக் காலம் தள்ள வேண்டியிருக்கும். அப்படி என்றால் பழைய படிப்பிலேயே இன்னொரு செமஸ்டர் இருந்து, எம்பியூ, மொழி, விருப்பப்பாடம் ஆகிய இடம் மாறினாலும் செல்லுபடியாகும் பாடங்களை எடுத்து முடித்துவிட்டு, அக்டோபரில் மாறுவது நல்லது.

செய்யும் முறை இது. புதிய படிப்பின் பாட அமைப்பை எடுத்து, முன்தேவை உள்ள பாடங்களை மட்டும் அம்புக்குறியால் இணையுங்கள். மிக நீளமான கோட்டில் எத்தனை பாடம் என்று எண்ணுங்கள். அதுதான் உங்கள் உண்மையான காலம். தொழிற்பயிற்சியும் இறுதியாண்டுத் திட்டமும் அந்தக் கோட்டின் முனையில் நிற்கும்.

ஐந்தாம் படி: பணம்

அரசாங்க உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் கொடுக்கும் கடன் ஒரு குறிப்பிட்ட கல்விக்கூடத்துக்கும் படிப்புக்கும் காலத்துக்கும் ஒப்புக்கொண்டது. படிப்பு மாறினால் அறிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த செமஸ்டர்ப் பணம் நிற்கும். தனியாரில் கட்டணம் அதிலிருந்துதான் கழிகிறது என்பதால், பணம் நின்றால் பாடப் பதிவும் முடங்கும். பல்கலைக்கழகத்தின் பிடிபிடிஎன் பொறுப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: புதிய படிப்புக்கு மீதித் தொகை தொடருமா, கூடுதல் செமஸ்டர்களுக்குக் கடன் உண்டா, ஒப்புதல் வரும் வரை கட்டணத்தை யார் கட்டுவது? பிஎன்ஜிகே 2.00க்குக் கீழே போனாலும் பணம் நிறுத்தப்படும், அதனால் மாறுகிற செமஸ்டரில் பழைய பாடங்களை அலட்சியம் செய்யாதீர்கள்.

பொதுச்சேவைத் துறையின் (ஜேபிஏ) உபகாரச் சம்பளம், ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்ஐஇடியின் கல்விக்கடன், நிறுவன உதவித்தொகை எதுவானாலும் ஒப்பந்தத்தில் படிப்பின் பெயர் இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். மாறிவிட்டுப் பிறகு சொன்னால், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

தனியாரில் விலக்கு அளிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. முதல் முறை கட்டியது புதிய படிப்புக்குச் சேருமா, இரண்டாவது முறை கட்ட வேண்டுமா என்பதை நிதிப் பிரிவில் எழுதி வாங்குங்கள்.

இந்தியா, இலங்கையிலிருந்து வந்து படிப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாணவர் விசா, ஈஎம்ஜிஎஸ் என்ற அனைத்துலக மாணவர் சேவை அமைப்பு வழியாக ஒரு கல்விக்கூடத்துக்கும் படிப்புக்கும் கட்டப்பட்டது. அந்த மாற்றம் ஒப்புதலாகும் வரை பழைய வகுப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே விழுந்தால் புதுப்பிப்பதே சிக்கலாகும்.

ஆறாம் படி: யாரிடம், எந்த வரிசையில்

முதலில் போக நினைக்கும் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். இப்போதைய டீனிடம் முதலில் போவதே பலர் செய்யும் தவறு. அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா என்று தெரியாமல் இந்தப் பக்கம் போனால் பதில் சொல்ல எதுவும் இருக்காது. ஒப்பீட்டுப் பக்கங்களை எடுத்துக்கொண்டு, மின்னஞ்சலில் நேரம் வாங்கிப் போங்கள். "டாக்டர், என்னுடைய கணக்குப்படி 20 கிரெடிட் வருகிறது, சரியா என்று பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டால் பேச்சு வேலையில் தொடங்கும். மாறலாமா என்று பொதுவாகக் கேட்டால் பாரத்தை நிரப்புங்கள் என்ற பதில்தான் வரும்.

பிறகு உங்கள் கல்வி ஆலோசகர், இப்போதைய டீன் அலுவலகம், கடைசியில் கல்விப் பதிவாளர் பிரிவு. அங்கே முகப்பில் இருக்கும் பெண் ஊழியர்தான் பாரம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை அறிந்தவர். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த நாள், வாங்கியவர் பெயர், முத்திரையிட்ட நகல் மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும்.

காரணக் கடிதம் ஒரு பக்கம் போதும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மலாயில், தனியாரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 'எனக்கு இந்தப் படிப்பில் ஆர்வமில்லை' என்று தொடங்கும் கடிதத்தைப் படிக்கும் டீனுக்கு, இவர் அடுத்ததிலும் இப்படித்தான் சொல்வார் என்றே தோன்றும். போகிற இடத்தைப் பற்றி எழுதுங்கள்: எந்தப் பாடங்களில் நல்ல கிரேடு எடுத்திருக்கிறீர்கள், அது புதிய படிப்போடு எப்படிச் சேர்கிறது, எத்தனை கிரெடிட் மீதி, எந்த செமஸ்டரில் முடிப்பீர்கள். உடல்நிலை, குடும்பச் சூழல் காரணம் என்றால் ஒரே பத்தியில் சொல்லி, ஆவணத்தை இணையுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: சேர்க்கைக் கடிதம், எஸ்பிஎம் சான்றிதழ், டிப்ளோமாச் சான்றிதழும் முழு டிரான்ஸ்கிரிப்டும், இப்போதைய செமஸ்டர் முடிவுகள், முன்பு கொடுத்த விலக்குக் கடிதம், முத்திரையிட்ட சிலிபஸ், ஒப்பீட்டுப் பக்கங்கள், கடன் அல்லது உபகாரச் சம்பள அனுமதி, கட்டணப் பாக்கி இல்லை என்ற உறுதி. நகல்களில் உறுதிப்படுத்திய முத்திரை கேட்டால், யார் உறுதிப்படுத்தலாம் என்று பாரத்திலேயே இருக்கும். பெரும்பாலும் அரசாங்க உயர் அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியர் அல்லது சத்தியப் பிரமாண ஆணையர்.

விண்ணப்பக் காலம் கல்வி நாட்காட்டியில் இருக்கும். தேதி முடிந்த மறுநாள் போனால் அடுத்த செமஸ்டர்தான்.

காத்திருக்கும் நாட்களில்

பழைய படிப்பின் வகுப்பு, இடுபணி, தேர்வு எதையும் விடாதீர்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை நம்பி வகுப்புக்குப் போகாமல் இருந்து, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, தேர்விலும் தோற்று, பிஎன்ஜிகே 2.00க்குக் கீழே போய், மறுபடி விண்ணப்பிக்கும் தகுதியையே இழப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய மிகப் பெரிய சேதம். தங்கும் விடுதி அறையையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிராகரித்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இடமில்லை என்றால் அடுத்த செமஸ்டரில் மறுபடி கொடுக்கலாம், மேல்முறையீட்டில் பெரிதாக எதுவும் மாறாது. நுழைவுத் தகுதி குறைவு என்றால் அந்தக் கதவு மூடியது, அதற்கு நெருங்கிய வேறு படிப்பைப் பாருங்கள். மாற்றம் சரி ஆனால் சில பாடங்களுக்கு விலக்கு இல்லை என்று வந்தால் மட்டும் தீவிரமாக மேல்முறையீடு செய்யுங்கள். எந்தத் தலைப்பு போதவில்லை என்று கேட்டு, அது வேறு டிப்ளோமாப் பாடத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை இணைத்துக் கொடுங்கள். மேல்முறையீட்டுக் காலம் குறுகியது, கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் வந்த பிறகு

ஒப்புதல் கடிதத்தில் புதிய படிப்பின் பெயர், குறியீடு, தொடங்கும் செமஸ்டர், விலக்குப் பாடங்களின் பட்டியல் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டியல் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று இருந்தால், வரும் வரை வாரம் ஒரு முறை கேட்டுக்கொண்டே இருங்கள். விலக்கு உறுதியாகாமல் அதே பாடத்தைப் பதிந்து படித்துவிட்டால் பணமும் உழைப்பும் இரட்டிப்பாகும்.

பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் காலம் பெரும்பாலும் செமஸ்டரின் முதல் இரண்டு வாரம்தான். அதற்குள் மாணவர் தளத்தில் பழைய பாடங்கள் நீங்கியிருக்கின்றனவா, புதியவை ஏறியிருக்கின்றனவா, விலக்குக் கிரெடிட் எண்ணிக்கை கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 12 என்று கடிதத்தில் இருந்து தளத்தில் 9 என்று ஏறியிருந்தால், அப்போது திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. பட்டமளிப்புக்கு முந்தைய செமஸ்டரில் கண்டுபிடித்தால் செனட் வரை போக வேண்டியிருக்கும். கட்டண விவரம், பிடிபிடிஎன் பதிவு, மாணவர் அட்டை மூன்றிலும் புதிய படிப்பின் பெயர் மாறியிருக்க வேண்டும்.

ஒப்பீட்டுப் பக்கங்களும் முத்திரையிட்ட சிலிபஸும் உள்ள அந்தக் கோப்பைப் பட்டம் வாங்கும் நாள் வரை வைத்திருங்கள். ஒருங்கிணைப்பாளர் மாறுவார், பாட அமைப்பு மாறும். இறுதிக் கிரெடிட் சரிபார்ப்பின்போது, இந்தப் பாடத்துக்கு எதன் அடிப்படையில் விலக்கு கொடுத்தோம் என்று புதிதாக வந்தவர் கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் காகிதம் இருக்கும்.